பாக்கி இருக்கும் கதைகள்

2018 செப்டம்பர் கடைசி வாரத்தில் தொடங்கிய அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமூச்சு வரும். செப்டம்பர் 27 அன்று மணிரத்னத்தின் 'செக்கச்சிவந்த வானம்'. மறுநாளே மாரி செல்வராஜின் முதல் படமான 'பரியேறும் பெருமாள்'. அக்டோபர் 4 அன்று '96'. அதற்கு அடுத்த நாள் 'ராட்சசன்'. ஆயுத பூஜை விடுமுறையை ஒட்டி 17ஆம் தேதி 'வடசென்னை', 18ஆம் தேதி 'சண்டக்கோழி 2'. ஒரே மாதத்தில் இத்தனை. திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் அந்த நாட்களில் வேறு பேச்சே இல்லை.

இந்தப் பட்டியலை இன்று திருப்பிப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. இதில் 'சண்டக்கோழி 2' ஒன்றுதான் இரண்டாம் பாகம். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, முதல் படத்தின் பெயரையும் விஷாலையும் ராஜ்கிரணையும் நம்பி வந்தது. இந்த ஆறில் நான் மறுபடி பார்க்காத படமும் அது ஒன்றுதான். 'வடசென்னை'யோ இரண்டாம் பாகம் வரும் என்று சொல்லிவிட்டு முடிந்த படம். '96' இனி ஒரு காட்சிகூடத் தேவையில்லை என்ற இடத்தில் முடிந்த படம். 'பரியேறும் பெருமாள்' பதில் இல்லாத ஒரு கேள்வியோடு முடிந்த படம்.

இப்போது நம் ரசிகர்கள் காத்திருக்கும் படங்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். 'கைதி 2', 'ஜெயிலர் 2', 'சர்தார் 2', 'சார்பட்டா பரம்பரை 2', 'தனி ஒருவன் 2', 'ஆயிரத்தில் ஒருவன் 2', 'இந்தியன் 3'. 'வடசென்னை' உலகத்திலிருந்து 'அரசன்'. பெயருக்குப் பின்னால் எண் போட்ட படங்களே முன்வரிசையில் நிற்கின்றன. இவற்றில் சிலவற்றுக்காக நான் உண்மையாகவே ஏங்குகிறேன். சில வராமலே போனால் நிம்மதி என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: முதல் படம் நமக்கு ஏதாவது பாக்கி வைத்திருக்கிறதா?

சந்திராவின் கணக்கு

'வடசென்னை'யில் பாக்கி நிறைய இருக்கிறது. கொலையை முடித்த கையோடு நால்வர் உட்கார்ந்து பேசும் காட்சியோடு படம் தொடங்குகிறது. யாரைக் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள் என்பது நமக்குத் தெரியாது. கொல்லப்பட்டவன் ராஜன், கொன்றவர்கள் அவன் வளர்த்த ஆட்கள் என்பதெல்லாம் பின்னால் தெரியவரும்போது, அதுவரை பார்த்த ஒவ்வொரு முகமும் வேறாகிவிடுகிறது. குறிப்பாக ஆண்ட்ரியா நடித்த சந்திரா. கணவனைக் கொன்றவர்களில் ஒருவனான குணாவையே மணந்துகொண்டு, அவன் வீட்டிலேயே இருந்தபடி, அவர்களை ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிடக் காத்திருக்கும் பெண். தமிழ் சினிமாவில் பழிவாங்கும் பெண்கள் பலர் வந்திருக்கிறார்கள். இவ்வளவு பொறுமையான ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

படத்தின் பெருமை அதன் காலக்கணக்கில் இருக்கிறது. ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட நாளில் ஊர் முழுக்கக் கடைகள் சூறையாடப்படும்போது நாயகன் அன்புவும் பத்மாவும் சந்தித்துக்கொள்கிறார்கள். நாட்டின் துக்கம், தெருவின் கொள்ளை, இரண்டு இளசுகளின் முதல் சண்டை எல்லாம் ஒரே காட்சியில் கலந்து வருகின்றன. கேரம் ஆடத் தெரிந்த ஒரு பையன், ஆட்டத்தைத் தவிர எதிலும் ஆசை இல்லாதவன், எப்படி ஒரு பகுதியின் குரலாக மாறுகிறான் என்பதை வெற்றிமாறன் அவசரப்படாமல் சொல்கிறார். கடலோரத்து மக்களை அப்புறப்படுத்தி வளர்ச்சித் திட்டம் கொண்டுவரப் பார்க்கிறார்கள். ராஜன் அதை எதிர்த்தான். அவன் நின்ற இடத்தில் இப்போது அன்பு நிற்கிறான். சிறைக்குள் நடக்கும் காட்சிகளுக்குக் கலை இயக்குநர் ஜாக்கி போட்ட அரங்கும், வேல்ராஜின் ஒளிப்பதிவும், சந்தோஷ் நாராயணன் இசையும் சேர்ந்து அந்த இடத்தின் வியர்வை நாற்றத்தையே நமக்குக் கொண்டுவந்தன.

கடைசியில் 'அன்புவின் எழுச்சி' என்று அடுத்த பாகத்தின் பெயரைக் காட்டினார்கள். அது விளம்பரத்துக்காகப் போட்டதாக எனக்குத் தோன்றவில்லை. சந்திராவின் கணக்கு தீரவில்லை. அன்பு தன்னையறியாமல் அவள் கணக்கில் ஒரு காயாக இருக்கிறானா என்பதும் தெரியவில்லை. தன்னைப் பகடையாக ஆக்கியவள் சந்திராதான் என்று அறியும் நாளில் அன்பு என்ன செய்வான்? இந்தக் கேள்வி ஒரு முழுப் படத்துக்குப் போதும்.

இப்போது வெற்றிமாறன் சிலம்பரசனை வைத்து 'அரசன்' எடுக்கிறார். கலைப்புலி எஸ்.தாணு தயாரிப்பு, அனிருத் இசை. 'வடசென்னை'யின் உலகத்திலேயே நடக்கும் வேறொரு கதை. இதை நான் எதிர்பார்ப்போடும் ஒரு சின்னப் பயத்தோடும் பார்க்கிறேன். வெற்றிமாறனுக்கு அந்தத் தெருக்கள் தெரியும், அந்த மனிதர்களின் கோபம் தெரியும் என்பதில் சந்தேகமில்லை. பயம் இசையில் இருக்கிறது. 'வடசென்னை'யின் கானா வாசத்தையும் அதன் பின்னணி அமைதியையும் என்னால் சந்தோஷ் நாராயணனிடமிருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை. அனிருத் பெரிய காட்சியைத் தூக்கி நிறுத்தத் தெரிந்தவர். ஆனால் இந்த உலகத்தில் பல நேரம் இசை ஒதுங்கி நிற்க வேண்டும். சிலம்பரசன் விஷயத்தில் எனக்குக் கவலையே இல்லை. கௌதம் மேனனின் 'வெந்து தணிந்தது காடு' படத்தில் முத்துவாக அவர் உடம்பைக் குறுக்கி, கண்ணைத் தாழ்த்தி நடித்ததைப் பார்த்தவர்களுக்கு, அவரால் நட்சத்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வர முடியும் என்று தெரியும்.

அன்புவின் கதையும் தனியே வர வேண்டும் என்பதே என் ஆசை. ராஜனின் தம்பியாக நடித்த டேனியல் பாலாஜி 2024 மார்ச்சில் மறைந்துவிட்டார். அவர் இல்லாத இரண்டாம் பாகத்தில் ஒரு நாற்காலி காலியாகவே இருக்கும். காலம் கடத்தினால் இன்னும் எத்தனை இழப்போம் என்ற எண்ணம் வருகிறது.

லாரி ஓட்டியவன் யார்?

2019 தீபாவளி. 'பிகில்' டிக்கெட் எங்கும் கிடைக்காமல் அன்று 'கைதி'க்குப் போனவர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள். நானும் அப்படிப் போனவன்தான். கதாநாயகி இல்லை, பாட்டு இல்லை, ஒரே இரவில் முடியும் கதை என்பது மட்டும் தெரியும். படம் திருச்சி வட்டாரத்தில் நடக்கிறது என்பது உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. திரையில் ஊர்ப் பெயர் கேட்டதும் அரங்கமே ஒரு முறை குதித்தது.

பத்து ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு, பிறந்ததிலிருந்து பார்த்திராத மகளைப் பார்க்கப் போகிறவன் டில்லி. அவனிடம் ஒரு லாரியை ஒப்படைத்து, மயங்கிக் கிடக்கும் காவல்துறை அதிகாரிகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். இவ்வளவுதான் கதை. இந்த ஒற்றைக் கயிற்றை லோகேஷ் கனகராஜ் கடைசிவரை கைவிடவே இல்லை. டில்லி ஒரு வாளி பிரியாணியைச் சாப்பிடும் காட்சியில் சண்டை இல்லை, வசனம் இல்லை. ஆனால் பத்தாண்டுப் பசியை அதில் பார்க்கலாம். லாரியில் உட்கார்ந்தபடி டில்லியாக நடித்த கார்த்தி தன் மனைவியைப் பற்றியும் மகளைப் பற்றியும் சொல்லும் இடத்தில், வழக்கமாக வந்துவிடும் பிளாஷ்பேக்கை வைக்காமல் முகத்தையும் குரலையும் மட்டும் நம்பியது பெரிய துணிச்சல்.

இன்னொரு பக்கம் ஜார்ஜ் மரியான். அன்றைக்குத்தான் மாற்றலாகி வந்து சேர்ந்த ஏட்டு நெப்போலியன், கமிஷனர் அலுவலகத்தில் அகப்பட்டுக்கொண்ட ஐந்து கல்லூரிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு கும்பலையே தடுத்து நிறுத்துகிறார். நகைச்சுவைக்கு மட்டும் அழைக்கப்பட்டுக்கொண்டிருந்த ஒரு நடிகருக்கு இப்படி ஒரு வேடம் கொடுத்ததற்காகவே லோகேஷுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இந்தப் படமும் பாக்கி வைத்திருக்கிறது. டில்லி யார்? சிறைக்குப் போகும் முன் என்ன செய்தான்? நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு சண்டைக்கு நிற்கும் அந்த உடம்பு எங்கே பழகியது? கடைசியில் அடைக்கலம் அவனை அடையாளம் கண்டுகொள்ளும்போது இந்தக் கேள்வி பெரிதாகிறது. 'கைதி 2' வரும் என்று லோகேஷ் பலமுறை சொல்லியிருக்கிறார். நானும் காத்திருக்கிறேன். ஆனால் என் கவலை வேறு. 'விக்ரம்', 'லியோ' என்று இந்த உலகம் விரிந்துகொண்டே போய்விட்டது. இனி 'கைதி 2' என்றால் அதற்குள் எல்லா நாயகர்களும் வந்து நிற்க வேண்டும் என்று ரசிகர்கள் கேட்பார்கள். கமல் வருவாரா, சூர்யாவின் ரோலக்ஸ் வருவாரா என்று என் அக்கா மகன் வாரத்துக்கு ஒரு முறை என்னைக் கேட்கிறான். "மாமா, எல்லாரும் ஒரே பிரேம்ல வந்தா தியேட்டர் தாங்குமா?" என்பான். தியேட்டர் தாங்கும். கதை தாங்குமா என்பதுதான் எனக்குச் சந்தேகம். 'கைதி'யின் பலமே ஒரு மனிதன், ஒரு லாரி, ஓர் இரவு என்ற சுருக்கம். பத்து நாயகர்களை உள்ளே விட்டால் டில்லிக்கும் அவன் மகளுக்கும் இடம் எங்கே மிஞ்சும்?

'விக்ரம்' இந்த விஷயத்தில் ஓரளவு சரியாக நடந்துகொண்டது என்று சொல்வேன். 1986இல் சுஜாதாவின் கதையில் வந்த 'விக்ரம்' படத்தின் உளவாளியை, முப்பத்தாறு ஆண்டுகள் கழித்துத் தாத்தாவாக, மகனை இழந்த அப்பனாகக் கொண்டுவந்தார்கள். பழைய படத்தைப் பார்க்காதவனுக்கும் புதியது முழுதாகப் புரிந்தது. பார்த்தவனுக்குக் கூடுதலாக ஒரு சந்தோஷம் இருந்தது. ரோலக்ஸ் கடைசிச் சில நிமிடங்கள் மட்டுமே வந்தார். அந்த நிமிடங்களை வைத்து ஒரு தனிப் படம் வேண்டும் என்று கேட்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சூர்யா அவ்வளவு பயமுறுத்தியதற்குக் காரணமே அவரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாததுதான்.

'தொடரும்' போட்ட பழக்கம்

தொடர்ச்சி என்பது தமிழனுக்குப் புதிதில்லை. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை வாரவாரம் எழுதியபோது, பத்திரிகை வரும் நாளுக்காக வீடுகள் காத்துக்கிடந்தன. அந்த ஐந்து பாகங்களையும் மணிரத்னம் இரண்டு படங்களாக்கி, இரண்டையும் சேர்த்தே எடுத்து முடித்து, 2022 செப்டம்பர் 30 அன்று முதலாவதையும் ஏழு மாதத்தில் இரண்டாவதையும் கொடுத்தார். அதை நான் நாணயம் என்பேன். இரண்டாம் படத்தில் ஆதித்த கரிகாலனும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்கும் இடம், முதல் படம் சேர்த்து வைத்த எல்லாவற்றையும் வட்டியோடு திருப்பிக் கொடுத்தது.

திரையில் இரண்டாம் பாகங்களும் பழசுதான். 1979இல் வந்த 'கல்யாணராமன்' படத்தில் இறந்துபோன அண்ணன் ஆவியாகத் தம்பிக்கு உதவுவான். 1985இல் அந்த ஆவியையும் தம்பியையும் 'ஜப்பானில் கல்யாணராமன்' என்று டோக்கியோ வரை கூட்டிப்போனார் எஸ்.பி.முத்துராமன். பிறகு 'முனி', 'காஞ்சனா', 'சிங்கம்', 'அரண்மனை' என்று வரிசையாக வந்தன. அவை குடும்பத்தோடு போய்ச் சிரித்துவிட்டு வரும் படங்கள். ஒவ்வொன்றும் அன்றன்றைக்கே முடிந்துவிடும். அவற்றோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை.

வழக்கு 'பாகுபலி'க்குப் பிறகு தொடங்கியது. கட்டப்பா கத்தியை இறக்கிய இடத்தில் 2015இல் முதல் பாகத்தை நிறுத்தி, இரண்டு ஆண்டுகள் தேசத்தையே கேள்வி கேட்க வைத்தார் ராஜமௌலி. அவரிடம் பதில் இருந்தது. கதையும் தயாராக இருந்தது. ஆனால் அதன் வசூலைப் பார்த்த மற்றவர்கள், பாதியில் நிறுத்தினால் போதும் என்று கற்றுக்கொண்டார்கள். வியாபாரத்தில் அதற்குக் காரணமும் இருக்கிறது. தெரிந்த பெயர் என்றால் ஓடிடி உரிமை பேசுவதும் தொலைக்காட்சி உரிமை பேசுவதும் வெளிநாட்டு விநியோகமும் எளிது. புதுப் பெயரை ஊருக்கு அறிமுகப்படுத்தும் செலவு மிச்சம். தயாரிப்பாளர் பக்கம் நின்று பார்த்தால் இது புரிகிறது. டிக்கெட் வாங்குகிறவன் பக்கம் நின்று பார்த்தால், பாதிப் படத்துக்கு முழு டிக்கெட் கொடுத்த வலி இருக்கிறது.

ஒரே கதை வளர்ந்து இரண்டாவதற்கு 'விடுதலை'யைச் சொல்லலாம். ஜெயமோகனின் 'துணைவன்' சிறுகதையிலிருந்து சிறிய படமாகத் தொடங்கி, எடுக்க எடுக்கப் பெருகி இரண்டு பாகங்களானது. முதல் பாகத்தில் சூரியின் குமரேசன் கண் வழியாக அந்த மலையையும் வன்முறையையும் பார்த்தது எனக்கு மறக்காது. தொடக்கத்து ரயில் விபத்துக் காட்சியில் நான் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன். இரண்டாம் பாகம் வாத்தியாரின் வாழ்க்கை. விஜய் சேதுபதி நடிப்பில் குறையில்லை. பேசப்பட்ட அரசியலிலும் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் முதல் பாகத்தில் காட்சி சொன்னதை இரண்டாம் பாகத்தில் வசனம் சொன்னது. குமரேசனும் நானும் சேர்ந்தே ஓரமாக உட்கார வைக்கப்பட்டதுபோல் இருந்தது.

சேனாபதி திரும்பியபோது

'இந்தியன்' படத்தை 1996இல் பார்த்த தலைமுறை நான். லஞ்சம் வாங்கி உயிர்களைப் பலிகொடுத்த மகனை, விமான நிலையத்தில் அப்பா சேனாபதி கத்தியோடு துரத்தும் முடிவு அன்றைக்கு என்னை உலுக்கியது. ஊரைத் திருத்தக் கிளம்பியவன் தன் வீட்டில் வந்து நிற்க வேண்டியிருந்தது. அதோடு அந்தக் கதை தீர்ந்தது. பாக்கி எதுவும் இல்லை.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து 2024 ஜூலையில் 'இந்தியன் 2' வந்தது. எடுப்பதற்குள் படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். விவேக்கும் நெடுமுடி வேணுவும் மறைந்தார்கள். இத்தனை துயரத்தைத் தாண்டி வந்த படத்தைக் குறை சொல்ல மனம் வருவதில்லை. என்றாலும் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து சுத்தம் செய்யுங்கள் என்று சேனாபதி இளைஞர்களிடம் சொல்வதும், அதை நம்பிப் பெற்றவர்களையே காட்டிக்கொடுத்த பிள்ளைகள் தவிப்பதும் அருமையான கரு. முதல் படத்தில் அந்த அப்பா பட்ட வேதனையை இம்முறை பிள்ளைகள் படுகிறார்கள். அந்தத் தவிப்போடு உட்கார்ந்திருந்தால் படம் எங்கேயோ போயிருக்கும். அதை விட்டுவிட்டு வர்மக்கலைக்கும் துரத்தலுக்கும் ஓடிவிட்டது. முடிவில் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தைக் காட்டியபோது, இவ்வளவு நேரம் பார்த்தது முன்னுரைதானா என்று அரங்கில் முணுமுணுப்பு எழுந்தது. அந்த முன்னோட்டத்தில் வந்த சுதந்திரப் போராட்டக் காலத்துக் காட்சிகள் மட்டும் எனக்கு ஆசை காட்டுகின்றன. 1996 படத்தின் உயிரே அதன் கறுப்பு வெள்ளைக் காலத்தில்தான் இருந்தது. 'இந்தியன் 3' வந்தால் அதற்காகப் போவேன்.

'ஜெயிலர் 2' பற்றி நண்பர்களோடு எனக்குச் சண்டையே நடக்கிறது. முதல் படத்தில் முத்துவேல் பாண்டியன் நேர்மை தவறிய தன் மகனையே இழக்கிறார். 'இந்தியன்' நின்ற அதே இடத்தில் அதுவும் முடிந்தது. இனி அவருக்கு என்ன மிச்சம்? இயக்குநர் நெல்சனிடம் ஒரு வழி இருக்கிறது: மகனைப் பறிகொடுத்த வீட்டில் பேரனோடு அந்த முதியவர் எப்படி வாழ்கிறார் என்று காட்டலாம். முதல் படத்தில் என்னைச் சிரிக்க வைத்தது பூஜை சாமான் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வளைய வந்த ரஜினிதான். துப்பாக்கி பிறகுதான் வந்தது. அந்த வீட்டை மறக்காமல் இருந்தால் போதும்.

'தனி ஒருவன் 2', முதல் படம் வந்த அதே ஆகஸ்ட் 28ஆம் தேதியில், எட்டு ஆண்டுகள் கழித்து 2023இல் அறிவிக்கப்பட்டது. அதில் சிக்கல் ஒன்றுதான். எதிரியைத் தேர்ந்தெடுப்பவனின் கதை அது. அரவிந்த் சாமியின் சித்தார்த் அபிமன்யு இறந்துவிட்டான். அவனுக்கு ஈடான ஒரு மூளையை மோகன் ராஜா எழுதியிருந்தால் முதல் நாளே போவேன். 'சார்பட்டா'வில் எனக்கு வேண்டியது கபிலன் அல்ல. அவன் வேம்புலியை வென்று, ரங்கன் வாத்தியாரின் மானத்தை மீட்டுவிட்டான். எனக்கு வேண்டியது டான்சிங் ரோஸ். ஒரே ஒரு சண்டையில் வந்து, கால்களால் நாட்டியமாடி, தோற்றபின் மரியாதையாக விலகிப்போன அந்த இடியாப்பப் பரம்பரைக்காரன் எங்கிருந்து வந்தான்? பா.ரஞ்சித் அவன் கதையைச் சொன்னால் வடசென்னைக் குத்துச்சண்டையின் இன்னொரு பக்கம் முழுதாகத் தெரியும்.

தொடக்கூடாத ஒன்று

'96' படத்துக்கு இரண்டாம் பாகம் எழுதியிருப்பதாக இயக்குநர் பிரேம்குமார் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். எழுத்தாளராக அவர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. 'மெய்யழகன்' படத்தில் இரண்டு ஆண்கள் ஓர் இரவு முழுக்கப் பேசிக்கொண்டிருப்பதை வைத்து என்னைக் கலங்க வைத்தவர். இருந்தும் கை கூப்பிக் கேட்டுக்கொள்வேன், ராமையும் ஜானுவையும் விட்டுவிடுங்கள்.

தஞ்சாவூர்ப் பள்ளியில் தொடங்கி, இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துச் சென்னையில் ஓர் இரவு. மின்சாரம் போன இருட்டில், ராம் இத்தனை ஆண்டுகளாக ஏங்கிய பாட்டை ஜானு பாடத் தொடங்குகிறாள். அவன் விளக்கைத் தேடித் தடுமாறி ஓடிவருகிறான். கோவிந்த் வசந்தாவின் இசை அதுவரை அந்தப் பாட்டுக்காக ஒதுங்கி நின்றது. அப்புறம் விமான நிலையம். அப்புறம் அவள் விட்டுப்போன உடையை மடித்து, பள்ளிக்காலப் பொருட்கள் இருக்கும் பெட்டியில் வைத்து மூடுகிறான். பெட்டியை மூடியபின் அதைத் திறக்க யாருக்கு உரிமை இருக்கிறது? ஜானு சிங்கப்பூர் வீட்டில் எப்படி இருக்கிறாள், ராம் கல்யாணம் செய்துகொண்டானா என்றெல்லாம் தெரிந்துகொள்ளும் ஆர்வம் எனக்கும் வரும். ஆனால் அந்தப் பதில்களை நாம் ஒவ்வொருவரும் நம் வாழ்க்கையை வைத்து நிரப்பிக்கொண்டுவிட்டோம். என் ராமும் உங்கள் ராமும் இன்றைக்கு ஒரே ஆள் இல்லை.

என் அக்கா மகன் இதை ஒத்துக்கொள்வதில்லை. "அவங்க சேந்தாங்களான்னு பாக்கணும் மாமா" என்கிறான். அவனுக்கு வயது இருபது. அவன் கேட்பதும் நியாயம்தான்.

மாரி செல்வராஜ் வேறு வழியில் போனார். 'பரியேறும் பெருமாள்' கடைசிச் சட்டகத்தில் இரண்டு டீ கிளாஸ்கள், நடுவில் ஒரு பூ. அதற்கு இரண்டாம் பாகம் போடுவதாக அவர் அறிவிக்கவில்லை. பெயரை மாற்றி, ஊரை மாற்றி, ஆட்களை மாற்றி அதே கேள்வியைத் தொடர்ந்து கேட்டார். 'கர்ணன்' அந்தப் பையன் திருப்பி அடித்தால் என்ன ஆகும் என்று கேட்டது. 'மாமன்னன்' அவன் அப்பா சட்டமன்றத்துக்கே போனாலும் யார் முன்னால் உட்கார முடியும் என்று கேட்டது. 'வாழை' அவனுடைய பிள்ளைப்பருவம். 'பைசன்' அவனே கபடி ஆடினால். ஐந்து படங்களும் சேர்ந்து ஒரே நாவல்போல் எனக்குள் இருக்கின்றன. அவருடைய அடுத்த படம் எதுவானாலும் அது ஆறாம் பாகம் என்றே நினைத்துக்கொண்டு போவேன்.

வராதவை

காத்திருந்தே வயதாகிப்போன படங்களும் உண்டு. 1997 அக்டோபர் 16 அன்று சென்னைக்கு வந்த எலிசபெத் ராணி 'மருதநாயகம்' தொடக்க விழாவில் கலந்துகொண்டார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் போரிட்டு, பின் அதையே எதிர்த்து, 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப் கானின் கதை. அந்த விழாப் படங்களைப் பத்திரிகையில் பார்த்த பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். கமல்ஹாசன் எழுதியதை அச்சிலாவது கொடுத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கௌதம் மேனனின் 'துருவ நட்சத்திரம்' 2023 நவம்பர் 24 என்று தேதி குறித்து, விடிந்தால் படம் என்ற நிலையில் நின்றுபோனது. ஹாரிஸ் ஜெயராஜின் பாட்டுகள் நம்மோடு பழகிப் பல ஆண்டுகளாகிவிட்டன.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வேண்டியது 'ஆயிரத்தில் ஒருவன் 2'.

2010 பொங்கலுக்கு வந்த அந்தப் படத்தை அன்றைக்குப் பாதிப் பேர் புரியவில்லை என்று ஒதுக்கினார்கள். முதல் பாதியில் கடலும் பாம்பும் புதைமணலும் நிழலாட்டமும் என்று சாகசக் கதையாகப் போய், இரண்டாம் பாதியில் பசியால் வற்றிப்போன ஒரு சோழக் கூட்டத்தின் நடுவே நம்மை இறக்கிவிட்டார் செல்வராகவன். பார்த்திபன் நடித்த அரசனுக்கு நாடு இல்லை, சோறு இல்லை, தஞ்சைக்குத் திரும்ப அழைத்துப்போகத் தூதுவன் வருவான் என்ற நம்பிக்கை மட்டும் இருக்கிறது. தூதுவன் என்று நம்பி ஏற்றுக்கொண்ட பெண்ணே பகையின் வழிவந்தவள். கடைசியில் நவீன ஆயுதங்களோடு படை வருகிறது. தோற்ற மக்கள் முகாமில் அடைக்கப்படுகிறார்கள், பெண்கள் சிதைக்கப்படுகிறார்கள். 2009 மே மாதம் ஈழப்போர் முடிந்து எட்டு மாதங்களில் அந்தக் காட்சிகளைத் திரையில் பார்த்த பலருக்கும் ஈழம் கண்முன் வந்தது. நான் படம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. இருக்கைகளைத் துடைக்க வந்தவர் தோளைத் தொட்டு எழுப்பினார்.

அரசன் மடிகிறான். வாரிசான குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூலிக்காரன் முத்து தப்பிக்கிறான். தமிழ் சினிமாவில் இதைவிடப் பெரிய பாக்கி எதுவும் இல்லை. நாடே இல்லாத ஓர் இளவரசன், மூட்டை தூக்கிப் பிழைத்த ஒருவன் கையில், இன்றைய தமிழ்நாட்டில் வளர்ந்தால் என்ன ஆவான்? பள்ளியில் என்ன சாதி என்று எழுதுவார்கள்? தன் மொழியைப் பேசினால் யாருக்குப் புரியும்? முத்து அவனிடம் உண்மையைச் சொல்வானா?

2021 புத்தாண்டு அன்று, தனுஷ் நடிக்க 2024இல் வரும் என்று 'ஆயிரத்தில் ஒருவன் 2' அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டும் போய்விட்டது. பெரும் செலவு பிடிக்கும் என்கிறார்கள். செலவு குறைந்த ஆயிரத்தில் ஒருவனையும் என்னால் கற்பனை செய்ய முடிகிறது. தஞ்சாவூர் ஓரத்தில் ஓர் ஓட்டுவீடு, ஒரு கூலிக்காரன், ஒரு பையன், அவனைத் தேடி வரும் ஒருவர். கடலும் கப்பலும் இல்லாமலே அந்தக் கதை நடக்கும். செல்வராகவன் எழுதி முடித்துவிட்டார் என்ற செய்தி வந்தால் போதும். நடிக்கப்போவது யார் என்றுகூட நான் கேட்க மாட்டேன்.